மலையேற ஓர் இன்ஜின்

பல்செட்காரர் வீட்டு ஷெட்டில் நின்ற காரை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைப்பார்கள். கரும்பச்சை பெயிண்ட் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது. கதவுக் கைப்பிடிகள் முலாம் பூசிப் புதுசாக வந்திருந்தன. முன் சீட் மட்டும் பழையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது வீட்டம்மாவின் உத்தரவு. முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. குழிக்குள் ஷெட்டின் சிமெண்டுத் தரை. பானட்டைத் தனியாகக் கழற்றி, கீறல் விழாமலிருக்கப் பழைய போர்வையைச் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"உங்க பல்செட்டுக்குக் காத்திருக்கிற ஆளுங்க மாதிரியே இருக்கு," என்பாள் மனைவி. "சட்டை, செருப்பு எல்லாம் ஜோரு. வாயைத் திறந்தா பொக்கை."

அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, பல் ஒவ்வொன்றாகப் பதித்துத் திருப்பி அனுப்புவார். மெழுகு நிலையிலேயே டாக்டருக்கு அனுப்பி ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்காமல் எதையும் முடிக்க மாட்டார். இந்தப் பழக்கம் தொழிலோடு நிற்கவில்லை. கட்டில் வாங்குவதென்றால் முதலில் செய்தித்தாளைக் கட்டில் அளவுக்கு ஒட்டித் தரையில் விரிப்பார். ரெண்டு நாள் எல்லோரும் அந்தக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். "எங்க அக்காவை மட்டும்தான் அத்தான் மெழுகுல பாக்காம கட்டிக்கிட்டாரு," என்று மைத்துனன் சொல்வான். "அதான் மாட்டிக்கிட்டேன்," என்பார் அவர். அவள் காதில் விழும்படிதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர் அளவு பார்க்காமல், முன்பின் யோசிக்காமல் வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார்தான்.

அவள் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்து, கடைசியில் ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. நடக்கலாம், சமைக்கலாம், தம்பியோடு சண்டை போடலாம். தாழ்வான சீட்டில் மட்டும் உட்கார முடியாது. இப்போது வருகிற கார்களிலெல்லாம் குண்டானுக்குள் இறங்குவது போலத்தானே இறங்க வேண்டியிருக்கிறது? ஏறினால் இறங்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். இறங்கிய பிறகு அன்று முழுக்கப் படுக்கை. மகள் வீடு மாற்றிக்கொண்டு போனதோ மலைக்கு அந்தப் பக்கம். ரயில் கிடையாது. பஸ்ஸோ வளைவுக்கு வளைவு தூக்கிப் போடும். மகளும் மாப்பிள்ளையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள்தான் இன்னும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போட்டோவைக் காட்டினால், "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில் ஒரு பீரோ பார்க்க இரண்டு பேரும் போயிருந்தார்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள். கொல்லைப்புறத்தில் இந்தக் கார் டயர் இறங்கிக் கிடந்தது. பீரோவுக்கு அவர் டேப் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கால் வலிக்கிறது என்று அவள் காரின் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். நாற்காலி உயரத்துக்கு நிமிர்ந்த சீட், அகலக் கதவு. பீரோவை மேல், கீழ், குறுக்கே என்று அளந்து முடித்து அவர் திரும்பியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, இதுல முதுகு வலிக்கல."

பீரோவை அங்கேயே விட்டுவிட்டுக் காரை வாங்கி வந்தார்.

காரைப் பிரித்துச் சேர்த்தது மெக்கானிக் ஒருவர். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் அவருக்குப் பொறுமை என்றே பெயர் விழுந்துவிட்டது. "பொறுமை வந்தாச்சா?" "பொறுமை டீ குடிக்கப் போயிருக்கு," என்று அந்த வீட்டில் சகஜமாகப் பேசிக்கொள்வார்கள். தகடு, பிரேக், ஒயர் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தபோதுதான் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வெளியே வந்தது. பொறுமை டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினின் இரும்பு உடம்பில் தலைமுடி போல ஒரு விரிசல். ஒட்டிப் பார்த்தார்கள், பக்கத்திலேயே இன்னொரு முடி ஓடியது.

"இது போச்சு அண்ணே. வேற இன்ஜின்தான். எதைப் போடலாம்னு நீங்க முடிவு பண்ணுங்க."

இந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டைப் பிடித்து ஆட்டிவிட்டது. ஆளுக்கொரு இன்ஜின் சொன்னார்கள். தண்ணீர் மோட்டார் விற்கும் மைத்துனன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

"டீசல் அத்தான். சரக்கு வேன் டீசல் ஒண்ணைத் தூக்கி வச்சிடுங்க. மலை என்ன மலை, சுவரே ஏறும்."

"சுவர் ஏறி எங்க போறது? மகள் வீட்டுக்குப் போகணும்," என்றாள் அக்கா.

"அக்கா, அந்த மலையில பழைய வண்டியெல்லாம் மூச்சு வாங்கிட்டு நிக்கிறதை நான் பாத்திருக்கேன். இழுவை வேணும், இழுவை."

பல்செட்காரருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரே இன்ஜின் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். மலை ஏற வேண்டும்; அவள் முதுகை ஆட்டக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் இத்தனை நாள் உழைப்பும் ஷெட்டுக்குள் நிற்கும் அலங்காரப் பொருள்தான்.

காயலான் கடையில் அப்படி ஒரு வேன் இருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் வேனின் முன் சீட்டைத் துணியால் தட்டி, "உக்காருங்கம்மா, உயரமான சீட்டுதான்," என்றார். இன்ஜினைக் கிளப்பினார்கள். கண்ணாடி, கதவு, அவள் கையிலிருந்த பை எல்லாம் சேர்ந்து நடுங்கின. அவள் முகத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் பொறுத்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமே வந்துவிட்டது.

நல்லவேளை, சொல்லவில்லை. "இது வண்டியா, மாவு மெஷினா? நிறுத்துங்கப்பா, பேசுறதுக்குக்கூட நாக்கு நடுங்குது," என்று இறங்கினாள்.

"ஓடும்போது இவ்வளவு தெரியாதுக்கா," என்றான் தம்பி.

"அப்ப நீ ஓடும்போது ஏறு."

அதே கடையின் மறுகோடியில் ஒரு டாக்சி. பின்னாலிருந்து யாரோ மோதியதில் பின்பாதி நசுங்கியிருந்தது, முன்பாதிக்குச் சேதமில்லை. பெட்ரோல் இன்ஜின், நாலு சிலிண்டர். அதன் சீட் தாழ்வு என்பதால் அவள் உள்ளே ஏறவில்லை. மூடிய பானட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் சாவியைத் திருப்பினார்.

"ம், கிளப்புங்க," என்றாள் அவள், சிறிது நேரம் கழித்து.

"ஓடிட்டுத்தான் இருக்கும்மா."

அவள் திரும்பிப் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்துத் தலையாட்டினாள். இழுவைக்குக் குறைவில்லை என்று பொறுமையும் சொன்னார். மைத்துனன்கூட, "பரவாயில்லை," என்றான். அவன் வாயில் அது பெரிய வார்த்தை.

அன்றே வாங்கியிருக்கலாம். ஆனால் மெழுகில் பார்க்காமல் எப்படி? பல்செட்காரர் அந்த இன்ஜினை நீளம், அகலம், உயரம், எங்கே குழாய் நீட்டுகிறது, எங்கே பட்டை சுற்றுகிறது என்று அங்குலம் விடாமல் அளந்துகொண்டு வந்தார். முன்னறையில் தெர்மாகோலை அறுத்து ஒட்டினார். மேலே பிளாஸ்டர் தடவி, வளைவு வேண்டிய இடத்தில் மெழுகை உருக்கி வைத்து, காரியம் முடிந்தபோது டாக்சி இன்ஜினின் வெள்ளை நகல் ஒன்று மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பல் டாக்டர் அனுப்பிய ஆள் அச்சுப்பெட்டியோடு வந்து பார்த்துவிட்டு, "சார், யார் வாய்க்கு இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொறுமை ஒருபுறம், இவர் ஒருபுறம் பிடித்து அதைக் குழிக்குள் இறக்கினார்கள். எங்கும் இடிக்கவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி. ஸ்டியரிங் கம்பி தாராளமாகத் திரும்பியது. பொறுமை சுற்றிச் சுற்றி வந்து, "அண்ணே, அளவெடுத்துத் தச்ச சட்டை," என்றார். பல்செட்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் செய்வது அதைத்தான்.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். வெள்ளை இன்ஜினைப் பார்த்தாள், போர்வை சுற்றிய பானட்டைப் பார்த்தாள்.

"மூடிப் பாத்தீங்களா?"

பொறுமை டீயைக் கையில் எடுக்காமலே நின்றார். இரண்டு பேருமாகப் போர்வையை உருவி, பானட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அது ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. அழுத்தினால் தெர்மாகோல் முனகியது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் முதுகு இழுக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊரெல்லாம் கடிச்சுப் பாருங்க, கடிச்சுப் பாருங்கன்னு சொல்லி அனுப்புற மனுஷன்! வாயைத் திறந்து வச்சே அளவெடுத்திருக்காரே!"

அவருக்கு முதலில் சுருக்கென்றது. தொழிலில் அவர் மற்றவர்களைத் திட்டுவதே இந்த ஒரு விஷயத்துக்குத்தான். பல் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் வாய் மூடவில்லையென்றால் அது பல்லே இல்லை என்பார். பானட்டைக் கழற்றி ஓரமாக வைத்தவரும் அவர்தான். கண்ணில் படாதது கருத்திலும் படவில்லை. பொறுமையின் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியபின் யோசித்தார்கள். இன்ஜினை இன்னும் கீழே இறக்கலாமா? கீழே ஸ்டியரிங் கம்பி. "ஸ்டியரிங்ல மட்டும் நான் விளையாட மாட்டேன் அண்ணே," என்று பொறுமை கையை விரித்தார். சாயங்காலம் வந்த மைத்துனன், பானட்டில் ஓட்டை போட்டு மேலே ஒரு கூண்டு வைத்துவிட்டால் தீர்ந்தது என்றான். "ரேஸ் கார் மாதிரி இருக்கும் அத்தான்."

"உங்க அத்தான் உயரத்துக்கு ஏற்கெனவே ஸ்டியரிங்குக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரியும். நடுவுல கூண்டு வேற வச்சா வளைவுல யாரைப் பார்த்து ஓட்டுறது?" என்றாள் அவள்.

மறுநாள் காலை பல்செட்காரர் ஒரு கீழ்த்தாடையை வைத்துக்கொண்டு மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிக்கொண்டே இருந்தார் என்பதுதான் சரி. அவள் எதிரே வந்து நின்றாள். அவளுக்கு எப்போதும் நின்று பேசுவதுதான் வசதி.

"அந்த வண்டியில முதல்ல இருந்த இன்ஜினே இன்னொண்ணு கிடைக்காதா?"

"கிடைக்கும். ஒரு குடோன்ல ஒண்ணு இருக்காம். பொறுமை அன்னிக்கே சொன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்? ஆடுமா?"

"ஆடவே ஆடாது. சாது. ஆனா தெம்பு கிடையாது. மட்டமான ரோட்டுல எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகும். மலையில சூடேறிடும். நிறுத்தி ஆறவிடணும், கொஞ்சம் ஏறணும், மறுபடி நிறுத்தணும். நாலஞ்சு தடவையாவது நிக்கணும். உன்னைக் கூட்டிட்டுப் போய் நடு மலையில நிக்க வைக்கிறதா?"

அவள் மேசையிலிருந்த பிளாஸ்டர் துகளை விரலால் ஒதுக்கினாள்.

"ஆபரேஷன் பண்ண டாக்டர் எனக்கு என்ன சொன்னார்?"

"என்ன சொன்னார்?"

"தொடர்ந்து உக்காராதீங்க, அப்பப்ப எழுந்து நில்லுங்கன்னார். உங்க முன்னாடிதான் சொன்னார். போன தடவை டாக்சியில டவுனுக்குப் போனோமே, எத்தனை தடவை நிறுத்தச் சொன்னேன்?"

"ஒரு தடவைகூட சொல்லலையே."

"சொல்லல. டிரைவர் மூஞ்சியைப் பாப்பேன், உங்க மூஞ்சியைப் பாப்பேன். அந்தப் பாலம் தாண்டட்டும், இந்த சிக்னல் தாண்டட்டும்னு பல்லைக் கடிச்சுட்டே வந்தேன். இப்பதானே நிறுத்தச் சொன்னே, மறுபடியுமான்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு."

"நான் கேப்பேனா?"

"கேக்க மாட்டீங்க. எனக்குத் தோணுமே. மலையில நீங்க சொல்ற அந்த டாக்சி இன்ஜின் நிக்காம ஏறும். நான்தான் நிறுத்தச் சொல்லணும். இந்த சாது இன்ஜின்னா அதுவே நிக்கும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை."

அவர் கையிலிருந்த கீழ்த்தாடையை மேசையில் வைத்தார். எந்த இன்ஜின் நிற்காமல் ஏறும் என்பதைத்தான் இத்தனை நாளும் எல்லோரிடமும் விசாரித்தார். அவளிடம், ஆடுகிறதா இல்லையா என்று மட்டும்தான் கேட்டிருந்தார். நிற்காமல் போக வேண்டுமா என்று அவளிடம் யார் கேட்டது?

"அதுக்கும் ஆறணும், எனக்கும் ஆறணும்," என்றாள் அவள். "சீக்கிரம் போய் அங்க என்ன வெட்டி முறிக்கப் போறோம்? போங்க, பொறுமையைக் கூப்பிடுங்க."

விஷயத்தைச் சொன்னதும் பொறுமை காதைச் சொறிந்தார். பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. அதே இன்ஜின்தான் என்றால் எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். பழைய இடத்தில் பழைய போல்ட்டிலேயே உட்கார்ந்துவிடும். கொஞ்சம் பெரிய ரேடியேட்டர் போடலாம். பின் சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கர ஜோடியையும் மாற்றிவிட்டால் வேகம் குறையும், ஆனால் ஏற்றத்தில் திணறாது. "அங்கயும் பல்லுதான் அண்ணே, உங்க டிபார்ட்மென்ட்," என்றார்.

இம்முறை குடோனிலிருந்து வந்த இன்ஜினைக் குழிக்குள் இறக்கியதும், வேறெந்த வேலையும் செய்யும் முன் பானட்டை வைத்து மூடிப் பார்த்தார்கள். 'டப்' என்று மூடியது. அவள் அடுக்களையிலிருந்தே, "கேட்டுச்சு," என்றாள். இன்ஜின் கிளம்பியபோது வீடு ஆடவில்லை. ஷெட்டுக் கூரைமேலிருந்த பூனைகூட எழுந்து போகவில்லை. மைத்துனன் மட்டும் ஷெட்டு வாசலில் நின்று, "இது தையல் மெஷின் அத்தான். மலை இதைப் பார்த்துச் சிரிக்கப் போகுது," என்றான். வெள்ளைத் தெர்மாகோல் இன்ஜினை எடுத்துப் போய்த் தன் கடை வாசலில் விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டவனும் அவனேதான்.

மலைக்குப் போன அன்று அவர்கள் விடிந்ததும் கிளம்பினார்கள். அடிவாரம் வரைக்கும் கார் சமர்த்தாக ஓடியது. ஏற்றம் தொடங்கியதும் வேகம் குறைந்தது; பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. பல்செட்காரர் ரோட்டைவிட வெப்பமானியைத்தான் அதிகம் பார்த்தார். முள் மேலே வந்ததும் அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்தினார். அவள் தானே கதவைத் திறந்து, காலை ஊன்றி எழுந்து நின்றாள். இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து முதுகை நிமிர்த்தினாள். கீழே ரோடு சுருட்டிப் போட்ட நாடா மாதிரிக் கிடந்தது.

ஒரு லாரி வேகம் குறைத்தது. "என்ன சார், வண்டி படுத்துடுச்சா? கயிறு இருக்கு, கட்டி இழுக்கவா?"

"வண்டி நல்லா இருக்கு தம்பி," என்றாள் அவள். "நாங்க நிக்கிறோம்."

லாரிக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டாவது இடத்தில் ஒரு சின்ன அருவி இருந்தது. மூன்றாவது இடத்தில் ஒன்றும் இல்லை, காற்று மட்டும். அங்கே நிறுத்திய சிறிது நேரத்துக்கெல்லாம் அவர் ரேடியேட்டர் பக்கம் கையை நீட்டிப் பார்த்து, "ஆறிடுச்சு, ஏறு," என்றார்.

"அது ஆறிடுச்சு. நான் இன்னும் ஆறல."

அவர் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். நான்காவது இடத்தில் இது தலைகீழாக நடந்தது. அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கிளப்புங்க, என்ன இன்னும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்; முள்தான் இறங்குகிற வழியாக இல்லை. நடுவில் மைத்துனன் போன் செய்தான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டவனிடம், "பாதி மலையில நிக்கிறோம்," என்று அவள் சொல்ல, நான் அப்போதே சொன்னேனே என்று அவன் ஆரம்பித்தான். அவள் போனைக் காரின் சீட்டில் வைத்துவிட்டு அருகிலிருந்த பூச்செடியைப் பார்க்கப் போய்விட்டாள்.

மகள் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மகள் கேட்டுக்கு ஓடி வந்தாள். கதவைத் திறந்து தாயின் தோளைப் பிடிக்கப் போனவளை, "விடு, விடு," என்று தள்ளிவிட்டு அவள் தானே இறங்கினாள். இறங்கியவள் முகம் சுளித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா? நான் அப்பவே அப்பாகிட்ட சொன்னேன்..."

"வலிக்குதுதான். இது உக்காந்த வலி இல்லடி, நின்ன வலி. அந்த அருவிகிட்ட அதிகமா நின்னுட்டேன்," என்றாள் அவள். பிறகு செருப்பை உதறிவிட்டு, "அப்பா வண்டியைப் பாத்துக்குவார். நீ வா, முதல்ல வீட்டைக் காட்டு," என்று மகளுக்கு முன்னால் படியேறினாள்.